பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ‘வேலி ஆஃப் த டால்ஸ்’ திரைப்படம்

‘வேலி ஆஃப் த டால்ஸ்’ 1967 டிசம்பரில் வெளிவந்த ஹாலிவுட் படம். 1966 பிப்ரவரியில் வெளியாகி, நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் 28 வாரங்கள் முதலிடத்தில் இருந்த ஜாக்குலின் சூசனின் நாவல்தான் அதற்கு மூலம். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தயாரித்தது. மார்க் ராப்சன் இயக்கினார். ஆஸ்கர் வாங்கிய சூசன் ஹேவர்ட், பதினாறு வயதிலேயே ஆஸ்கர் வாங்கிய பேட்டி டியூக், தொலைக்காட்சித் தொடர் மூலம் வீட்டுக்கு வீடு தெரிந்த பார்பரா பார்க்கின்ஸ், வளர்ந்துவந்த ஷாரன் டேட் ஆகியோர் நடித்தனர். பாடல்கள் ஆந்த்ரே ப்ரெவினும் டோரி ப்ரெவினும் அமைத்தவை. பின்னாளில் ஆஸ்கர் பரிந்துரைகளைக் குவித்த ஜான் வில்லியம்ஸுக்கு முதல் பரிந்துரை கிடைத்தது இந்தப் படத்தின் இசைப் பணிக்காகத்தான். இவ்வளவு பேர் கைகூடிய படத்தை அன்றைய விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

அந்தத் தோல்விக்குச் சொல்லப்பட்ட காரணம் இன்றுவரை மாறவில்லை. மூலநாவலே மட்டமானது, படுக்கையறையையும் மாத்திரைப் புட்டியையும் காட்டிக் காசு பார்த்த புத்தகம், அதிலிருந்து நல்ல படம் எப்படி வரும் என்பது அந்த வாதம். இதோடு வேறு இரண்டு சமாதானங்களும் ஒட்டிக்கொண்டன. நாவலின் காமத்தைத் தணிக்கை விதிகள் உறிஞ்சிவிட்டன, மிஞ்சியது சக்கை என்பது ஒன்று. படம் மோசம்தான், ஆனால் அந்த மோசத்தில்தான் சுவையே இருக்கிறது என்று கொண்டாடுவது மற்றொன்று. மூன்றும் வெவ்வேறு வாயிலிருந்து வந்தாலும் ஒரு புள்ளியில் ஒத்துப்போகின்றன: படத்தை எடுத்தவர்கள் மீது குற்றமில்லை. நாவலையும் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது.

முதலில் நாவல். 1945இல், போர் முடிந்த கையோடு, ஆன் வெல்ஸ் என்ற பெண் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நியூயார்க் வருகிறாள். நாடகக் கலைஞர்களின் வழக்குகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் செயலாளர் வேலை கிடைக்கிறது. அவள் தங்கும் விடுதியில் நீலி ஒஹாரா என்ற பதினேழு வயதுப் பெண் இருக்கிறாள். கேளிக்கை மேடைகளில் ஆடிப் பிழைப்பவள், அசாத்தியமான குரல் கொண்டவள். மூன்றாமவள் ஜெனிஃபர் நார்த். உடலழகு மட்டுமே தனக்கு மூலதனம் என்று உலகம் சொல்லிச் சொல்லி அதை நம்பிவிட்டவள். கதை இம்மூவரையும் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 1965இல் முடிகிறது. தூக்கத்துக்கு ஒன்று, விழிப்புக்கு ஒன்று, உடல் இளைக்க ஒன்று என்று அவர்கள் விழுங்கும் மாத்திரைகளுக்கு நாவலில் ‘பொம்மைகள்’ என்று செல்லப்பெயர். தலைப்பும் அதுவே.

சூசனின் நடை தட்டையானது. உரையாடல்களில் மரக்கட்டை வாடை அடிக்கும். வருணனை என்ற ஒன்றை அவர் பெரும்பாலும் முயல்வதே இல்லை. இதை மறைத்து அவருக்காக வாதாட வேண்டிய அவசியமில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. நடிகையாக வர முயன்று தோற்றவர்; நாடகக் கொட்டகைகளின் பின்கட்டையும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களின் தாழ்வாரங்களையும் கால் தேய நடந்தவர். அவருடைய கணவர் இர்விங் மேன்ஸ்ஃபீல்டும் அதே தொழிலில் விளம்பர முகவராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தவர். ஒரு பெண்ணின் குரலையோ முகத்தையோ மார்பையோ பொழுதுபோக்குத் தொழில் என்ன விலைக்கு எடுக்கும், எத்தனை ஆண்டு வைத்திருக்கும், எந்த வயதில் வீசும் என்ற கணக்கு அவருக்கு மனப்பாடம். கோடிக்கணக்கில் நாவல் விற்றதற்குப் படுக்கையறைக் காட்சிகள் ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் அதைவிடப் பச்சையாக எழுதப்பட்ட எத்தனையோ புத்தகங்கள் ரயில் நிலையக் கடைகளில் தூசி படிந்து கிடந்தன.

மட்டமான நாவலிலிருந்து நல்ல படம் வராது என்ற வாதத்தைத் திரைப்பட வரலாறே பொய்யாக்குகிறது. மரியோ பூசோவின் ‘காட்ஃபாதர்’ 1969இல் வந்தபோது அதுவும் விமான நிலையத்தில் வாங்கிப் படித்துவிட்டுத் தூக்கிப்போடும் சரக்கு வரிசையில்தான் இருந்தது. அதில் லூசி மான்சினி என்ற பெண்ணின் உடற்கூறு பற்றியும் அதற்கான அறுவை சிகிச்சை பற்றியும் ஒரு கிளைக்கதை பக்கம் பக்கமாக ஓடும். கொப்பொலா 1972இல் அதை அப்படியே விட்டுவிட்டு, தந்தையும் மகன்களும் அதிகாரமும் என்ற தண்டை மட்டும் பிடித்துக்கொண்டார். பீட்டர் பெஞ்ச்லியின் ‘ஜாஸ்’ நாவலில் காவல் தலைவரின் மனைவிக்கும் கடல் ஆய்வாளருக்கும் கள்ளத் தொடர்பு உண்டு. ஸ்பீல்பெர்க்கின் படத்தில் அது இல்லை. இரண்டு படங்களும் நாவலைக் கணிசமாக வெட்டியவைதான். எதை வெட்டினால் உயிர் போகாது என்று தெரிந்து வெட்டியவை, அவ்வளவே வேறுபாடு.

இன்னும் நெருக்கமான சாட்சி மார்க் ராப்சனே. கிரேஸ் மெட்டாலியஸின் ‘பெய்ட்டன் பிளேஸ்’ 1956இல் வெளியானபோது, பின்னர் சூசன் மீது விழுந்த எல்லா வசையும் அதன் மீதும் விழுந்தது. ராப்சன் மறு ஆண்டே, அதே ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக, அதைப் படமாக்கினார். தணிக்கை விதிகள் அப்போது பன்மடங்கு கடுமை. மாற்றாந்தந்தை மகளைச் சீரழிக்கும் பகுதியை வாய்விட்டுப் பேசவே தயங்கிய காலம். ஆயினும் சிற்றூரின் பொய் மானமும் அதற்குள் நசுங்கும் பெண்களும் படத்தில் வந்துவிட்டார்கள். சிறந்த இயக்குநர் உட்பட ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகள் அந்தப் படத்துக்கு வந்தன. அதே இயக்குநர், அதே நிறுவனம், அதே வகை நாவல், முன்னைவிடத் தளர்ந்த விதிகள். பத்தே ஆண்டில் கிடைத்தது இப்படி ஒரு படம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே அதே கூடத்தில் நன்றாக ஆடிக் காட்டியவரே மறுமுறை தடுக்கி விழுந்திருக்கிறார். கோணலைக் கூடத்தில் தேடிப் பயனில்லை.

தடுக்கிய இடம் காலம். நாவலின் இருபது ஆண்டுகள் படத்தில் காணாமல் போயின. கதை முழுவதும் 1960களின் நடுப்பகுதிக்கு இழுத்து வரப்பட்டது. முதல் காட்சியில் இருக்கும் சிகையலங்காரமும் உடையும் கடைசிக் காட்சியிலும் ஏறக்குறைய அவையே. கேட்பதற்குச் சிறிய விஷயம்போல் தோன்றும். ஆனால் நாவலில் நடக்கும் ஒவ்வொன்றும் அந்தக் கால நகர்வைச் சார்ந்தது. நீலி கேளிக்கை மேடையிலிருந்து பிராட்வேக்கும், அங்கிருந்து ஸ்டூடியோக்கள் சம்பள ஒப்பந்தத்தில் நடிகைகளைக் கட்டிவைத்திருந்த ஹாலிவுட்டுக்கும் போகிறாள். ஸ்டூடியோக்கள் ஆட்டம் கண்டு தொலைக்காட்சி தலையெடுக்கும்போது அவள் தேவையற்றவள் ஆகிறாள். ஒரு தொழிலின் எழுச்சியும் சரிவும் ஒரு பெண்ணின் உடலில் எழுதப்படுகின்றன. 1967இன் அமெரிக்காவில் கேளிக்கை மேடை எங்கே இருந்தது? படத்து நீலி எந்த உலகத்திலிருந்து வந்து எந்த உலகத்தில் விழுகிறாள் என்று சொல்ல முடியாது. அவள் புகழேறும் கட்டத்தை, உடற்பயிற்சியும் பாட்டும் செய்தித்தாள் தலைப்பும் கலந்த ஒரு துண்டுக்காட்சித் தொகுப்பாகச் சில நிமிடத்தில் ஓட்டிவிடுகிறார்கள். பிறகு திடீரென்று அவள் கத்துகிறாள், குடிக்கிறாள், பொருள்களை எறிகிறாள். பேட்டி டியூக்கின் நடிப்பு மிகை என்று பலரும் பழித்தார்கள். இருபது வயது நடிகை இருபது ஆண்டுச் சிதைவை இடைப்பட்ட படிகள் எதுவும் இல்லாமல் நடிக்க நேர்ந்தால் வேறு எப்படி நடிப்பது?

மாத்திரைகளுக்கும் அதே கதிதான். நாவலில் மாத்திரை மெல்ல வருகிறது. தூக்கம் வராத ஓர் இரவு, ஒரு மருத்துவச்சீட்டு, முறைப்படி மருந்துக்கடையில் வாங்கிய செகோனால். தீயவர் யாரும் வந்து கையில் திணிப்பதில்லை. 1940களிலும் 50களிலும் அமெரிக்க மருத்துவர்கள் பார்பிட்யூரேட் வகைத் தூக்க மருந்துகளை எவ்வளவு தாராளமாக எழுதிக்கொடுத்தார்கள் என்பது பின்னாளில் ஊரறிந்தது. சூசனின் தோழியும் நடிகையுமான கரோல் லேண்டிஸ் 1948இல் செகோனால் விழுங்கி இறந்தார். ஜெனிஃபர் பாத்திரத்தில் அவருடைய சாயல் உண்டு என்பார்கள். சட்டபூர்வமாக, மரியாதையாக, மருத்துவர் கையெழுத்தோடு வீட்டுக்குள் வந்த நஞ்சு என்பதுதான் நாவலின் செய்தி. 1966இல் அதை ஒரு வெகுஜன நாவல் சொன்னது சிறிய விஷயம் அல்ல. படமோ அதைக் கெட்ட பழக்கமாகச் சுருக்கிவிட்டது. ஒழுக்கம் தவறியவர்கள் விழுங்குகிறார்கள், தண்டனை பெறுகிறார்கள். மருத்துவரும் ஸ்டூடியோவும் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

முடிவை மாற்றியதுதான் எல்லாவற்றிலும் பெரிய சேதம். நாவலில் ஆன் வெல்ஸ் மற்ற இருவரைப் போன்றவள் அல்ல. அளவறிந்தவள், நிதானமானவள், வாசகர் தம்மை இணைத்துப் பார்க்கும் பெண். அவள் லயன் பர்க்கைக் காதலித்து, அவனைத் தன்னோடு நிறுத்திவைக்கத் தன் பணத்தையே மறைமுகமாக அவன் தொழிலில் போட்டு, அவனை மணக்கிறாள். அவன் நீலியிடம் போகிறான், பிறகு வேறொருத்தியிடம் போகிறான். புத்தாண்டு விருந்து நடந்துகொண்டிருக்கும் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு, ஆன் தலைவாரிக்கொண்டு, மாத்திரையை எடுத்துக்கொள்கிறாள். இனி அவன் ஒவ்வொருத்தியிடம் போகும்போதும் வலி கொஞ்சம் குறையும், காதலும் கொஞ்சம் குறையும் என்று அவளுக்குத் தெரிகிறது. அலறல் கிடையாது, சாவு கிடையாது. நல்லவளாக இருந்தது அவளைக் காப்பாற்றவில்லை. அவள் விழுந்ததுகூட யார் கண்ணிலும் படவில்லை. சூசனின் நாவலில் இலக்கியம் என்று சொல்லத்தக்க இடம் உண்டென்றால் அது இதுதான்.

படத்து ஆன் சிறிது காலம் மாத்திரைக்கு அடிமையாகி, கடற்கரை அலையில் விழுந்து எழுந்து, தெளிந்து, பனி மூடிய சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். லயன் தேடிவந்து மணக்கக் கேட்கிறான், மறுக்கிறாள், வெண்பனியில் நிமிர்ந்து நடக்கிறாள். பார்க்க முற்போக்காக இருக்கும். உண்மையில் இது பழைய பஞ்சதந்திரக் கணக்கு: நல்ல பெண் பிழைத்தாள், பேராசைக்காரி அழிந்தாள், அழகி செத்தாள், நகரம் கெட்டது, கிராமம் நல்லது. ஆபாச நாவல் என்று பெயரெடுத்த புத்தகம் இப்படித் தராசு பிடிக்க மறுத்தது. அதைத் திருத்தி எழுதிய படம்தான் பிடித்தது. தொடக்க வரைவை எழுதிய ஹார்லன் எலிசன் இந்த மென்மைப்படுத்திய முடிவை ஏற்காமல் தம் பெயரை விலக்கிக்கொண்டார். திரைக்கதைக்குப் பெயர் போட்டுக்கொண்டவர்கள் ஹெலன் டாய்ச்சும் டாரதி கிங்ஸ்லியும். சூசன் படத்தைக் கப்பல் ஒன்றில் நடந்த சிறப்புக் காட்சியில் பார்த்துவிட்டு, இயக்குநரிடமே அதைக் குப்பை என்ற பொருளில் சொன்னதாக அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. எழுத்தாளரின் கோபம் சான்றாகாது என்பது சரிதான். இந்த இடத்தில் அவருடைய கோபமும் படத்தின் குறையும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

ஜெனிஃபரின் கதை இதற்கு மற்றொரு சான்று. நாவலில் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிய வருகிறது. அவளை மணக்கவிருக்கும் செனட்டர் மருத்துவமனைக்கு வந்து, என்ன நோய் என்று அறியாமலேயே, அவளுடைய மார்புகளைப் பற்றி உருகுகிறார். உடலுக்காக அன்றித் தனக்காகவே தன்னைக் காதலிப்பவர் என்று அவள் நம்பியிருந்த ஒரே மனிதர் அவர். அன்றிரவு அவள் மாத்திரைகளை விழுங்குகிறாள். சூசனுக்கே 1962இல் மார்பகப் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதை உலகுக்கு மறைத்துக்கொண்டே இந்த அத்தியாயத்தை எழுதினார். மலிவு நாவல் என்று ஒதுக்கப்பட்ட புத்தகத்துக்குள் இப்படி ஒரு வாக்குமூலம் கிடந்தது. படத்தில் அந்த செனட்டர் இல்லை. நோய் இருக்கிறது, சாவு இருக்கிறது, சாவுக்குத் தள்ளிய பார்வை இல்லை. ஷாரன் டேட் தம் அளவில் அமைதியாகவும் கண்ணியமாகவும் நடித்திருக்கிறார். மூவரில் குறைந்த வசையே அவருக்கு விழுந்தது. ஆனால் திரைக்கதை அவருக்குக் காரணத்தைக் கொடுக்காமல் விளைவை மட்டும் கொடுத்தது.

நட்சத்திரப் பட்டியல் இந்தக் குறைகளை மூடியிருக்க வேண்டும்; மாறாக வெளிச்சம் போட்டுக் காட்டியது. பிராட்வேயின் மூத்த ராணி ஹெலன் லாசன் பாத்திரத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் ஜூடி கார்லண்ட். நீலியின் வாழ்க்கையே கார்லண்டைப் பார்த்து எழுதியது என்ற பேச்சு அப்போதே உண்டு. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? செய்தியாளர் கூட்டம் நடந்தது, உடை தைத்தார்கள், பாட்டும் பதிவானது. படப்பிடிப்பு தொடங்கிய சில நாள்களில் அவர் நீக்கப்பட்டார். இயக்குநர் அவரைத் தளத்தில் மணிக்கணக்கில் காக்க வைத்தார் என்று பேட்டி டியூக் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். கார்லண்டின் இடத்துக்கு வந்த சூசன் ஹேவர்ட் வலிமையான நடிகை, ஆனால் அந்தப் பாட்டுக்கு மார்கரெட் வைட்டிங் குரல் கொடுத்தார். பேட்டி டியூக்கின் பாட்டுகளும் இரவல் குரலே. பின்னணிக் குரல் என்பது தமிழ்ப் படம் பார்ப்பவருக்குக் குறையாகவே படாது, இங்கும் இரவல் என்பது குறையல்ல. ஹெலன் லாசனே அஞ்சி நாடகத்திலிருந்து துரத்தும் அளவுக்கு நீலியின் குரல் இருக்க வேண்டும் என்பது கதை. திரையில் கேட்பதோ எந்த ராணியும் அஞ்சத் தேவையில்லாத, பழுதற்ற சராசரிக் குரல். அந்தக் கதையை ஒரே பாட்டில் நம்ப வைத்திருக்கக்கூடிய ஒருவர் வாசல்வரை வந்து திருப்பி அனுப்பப்பட்டார். அவர் 1969 ஜூனில் தூக்க மருந்து மிகையாகி இறந்தார் என்பது இந்தப் படத்தின் எந்தக் காட்சியையும்விட நாவலுக்கு நெருக்கமானது.

இனித் தணிக்கை. 1966 செப்டம்பரில் ஹாலிவுட்டின் பழைய விதித்தொகுப்பு தளர்த்தப்பட்டு, முதிர்ந்த பார்வையாளருக்கு என்ற குறிப்போடு படங்களை வெளியிட வழி பிறந்திருந்தது. ‘ஹூஸ் அஃப்ரைட் ஆஃப் வெர்ஜினியா உல்ஃப்’ அந்த ஆண்டே வந்துவிட்டது. ‘பானி அண்ட் கிளைட்’ 1967இல் வந்தது. வயதில் மூத்த மணமான பெண் இளைஞன் ஒருவனைப் படுக்கைக்கு அழைக்கும் ‘த கிராஜுவேட்’, சூசன் படம் வெளியான அதே டிசம்பரில் வெளியானது. கருக்கலைப்பு, நிர்வாண நீச்சல்குளம், ஐரோப்பியச் சதைப் படங்கள் என்று ‘வேலி ஆஃப் த டால்ஸ்’ படத்திலேயே பழைய விதி அனுமதித்திராதவை பலவும் இருக்கின்றன. ஆகவே கத்தரிக்கோல் வெளியிலிருந்து வரவில்லை. சில்மிஷத்தை வைத்துக்கொண்டு கசப்பை வெட்டியிருக்கிறார்கள். தணிக்கையாளர் வெட்டியிருந்தால் நேர்மாறாக அல்லவா வெட்டியிருப்பார்?

படம் ஓடியதே என்று கேட்கலாம். ஓடியது. ஐம்பது லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்டு அதைப்போல் பல மடங்கு வசூலித்தது. டியான் வார்விக் பாடிய தலைப்புப் பாடல் 1968 தொடக்கத்தில் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. நாவலைப் படித்த பெருங்கூட்டம் ஒரு முறையாவது கொட்டகைக்கு வரும். அந்த வசூல் புத்தகத்தின் ஈர்ப்பை அளக்கிறது, படத்தின் தரத்தை அல்ல.

மோசத்திலேயே சுவை காணும் ரசிகர்களின் வாதம் இதைவிட நுட்பமானது. 1970களிலிருந்து இந்தப் படத்தை ஓரினச் சேர்க்கையாளர் உள்ளிட்ட ரசிகர் கூட்டங்கள் வசனம் வசனமாக மனப்பாடம் செய்து, திரையரங்கில் சேர்ந்து சொல்லிக் கொண்டாடின. ஹெலனின் பொய்முடியை நீலி பிடுங்கிக் கழிப்பறைக் கிண்ணத்தில் போடும் காட்சிக்கு விசில் பறக்கும். 2016இல் கிரைட்டீரியன் நிறுவனம், உலகச் செவ்வியல் படங்களோடு இதையும் தன் வரிசையில் சேர்த்தது. அந்த அன்பில் பொய்யில்லை. அவமானப்பட்டும் மேடையை விடாத பெண்களிடம் விளிம்பில் வாழ்ந்தவர்கள் தங்களைக் கண்டார்கள். ஆனால் இந்த ரசனை படத்துக்கு வைத்த மதிப்பெண் அல்ல; படம் தவறவிட்டதைப் பார்வையாளர்கள் தாங்களே இட்டு நிரப்பிக்கொண்டது. மேலும் பொய்முடிக் காட்சி நாவலில் இருந்தே வந்தது. அங்கே அது படிப்பவரைச் சிரிக்க வைக்கும் அதே வேளையில், முதுமை அம்பலப்படும் கொடுமையாகவும் இருக்கிறது. ஹேவர்ட் அந்தக் காட்சியின் கடைசியில், தலையைத் துணியால் சுற்றிக்கொண்டு, பின்வாசலைத் தவிர்த்து முன்வாசல் வழியாகவே வெளியேறுகிறார். அந்த அரை நிமிடம் மட்டும் பார்ப்பவரைச் சிரிக்க விடுவதில்லை. படம் முழுவதும் இப்படி இருந்திருக்க முடியும் என்பதற்குப் படத்துக்குள்ளேயே இருக்கும் அத்தாட்சி இது.

சூசனின் அடுத்த இரண்டு நாவல்களும் விற்பனையில் முதலிடம் பிடித்தன. இரண்டும் படமாகிச் சோர்ந்தன. ‘த லவ் மெஷின்’ 1971இல் வந்த வேகத்தில் போனது. ‘ஒன்ஸ் இஸ் நாட் இனஃப்’ படத்துக்கு, ‘காசாபிளாங்கா’வை எழுதிய மூவரில் ஒருவரான ஜூலியஸ் எப்ஸ்டைன் திரைக்கதை எழுதினார், கிர்க் டக்ளஸ் நடித்தார். 1975இல் வந்த அந்தப் படத்திலிருந்து ஆஸ்கர் பரிந்துரைவரை போனவர் பிரெண்டா வக்காரோ ஒருவர்தான். ஃபாக்ஸுக்கு நாவலில் என்ன தேவைப்பட்டது என்பதை அந்நிறுவனமே 1970இல் காட்டிக்கொடுத்தது. ‘பியாண்ட் த வேலி ஆஃப் த டால்ஸ்’ என்று ரஸ் மெயர் இயக்கத்தில், ரோஜர் ஈபர்ட் எழுத்தில் வெளியிட்ட படத்தில் சூசனின் கதையும் இல்லை, பாத்திரங்களும் இல்லை. தலைப்பு மட்டும் இருந்தது. சூசன் வழக்குத் தொடுத்தார். 1974 செப்டம்பரில் புற்றுநோயால் அவர் இறந்த பிறகே வழக்கு முடிந்தது. ஃபாக்ஸ் அவருடைய வாரிசுகளுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று.